உப்பளத்தில் யார் தொழிலாளி?
கணக்கெடுப்புகளின் வரலாற்றை முன்வைத்து

1

உப்புக்குக் கணக்கு இருக்கிறது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட நாளிலிருந்து எத்தனை மணங்கு விளைந்தது, எத்தனை மணங்கு விற்றது, சர்க்காருக்கு எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உப்பை வாரிக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டியவர்கள் எத்தனை பேர், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், வருஷத்தில் எத்தனை நாள் கூலி கிடைத்தது, மழைக்காலத்தில் என்ன தின்றார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமில்லை.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. மரக்காணம் உப்பளம் எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பத்திரிகைச் செய்திகள் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் என்று எழுதும். அதில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் ஒரு செய்தி ஒன்று சொல்லும், இன்னொன்று வேறொன்று சொல்லும். கடைசியில் 'ஆயிரக்கணக்கானோர்' என்று முடித்துக்கொள்ளும். மண்ணுக்கு எண் உண்டு, மனுசருக்கு 'கணக்கானோர்'தான்.

இதை வெறும் மறதி என்று நாம் விட்டுவிட முடியாது. யாரைத் தொழிலாளி என்று ஒத்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கணக்கெடுக்கவே கிளம்புகிறார்கள். எண் பிறப்பது கூட்டல் கழித்தலில் அல்ல, கேள்வியில். கேள்வியை யார் எழுதுகிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், வீட்டில் யார் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. 'புள்ளிவிவரம் நமக்கெதுக்குங்க, அது ஆபீசர் சமாச்சாரம்' என்று நம் தோழர்கள் ஒதுக்கிவிடுவதைப் பார்க்கிறேன். கூலி நிர்ணயம், நிவாரணம், ஒதுக்கீடு எல்லாமே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. எண் அவர்கள் கையில் இருக்கிறவரை நாம் கையேந்திக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

2

சங்க இலக்கியம் எயிற்பட்டினம் என்று சொல்கிற ஊரை மரக்காணம் பகுதியோடு சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். நெய்தல் நிலம், உப்பு விளைவித்தவர்கள், மாட்டு வண்டியில் உப்பேற்றிப் போன உமணர்கள் என்று பண்டிதர்கள் நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். எம்.ஏ. தமிழில் உமணர் வண்டிக்கு அச்சு முறிவதைப் படித்துப் பரீட்சை எழுதினோம். அந்த உப்பை வாரியவர்களின் கால் புண்ணைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

வெள்ளையர் காலத்தில் உப்பு என்றால் வரி. 1882இல் இந்திய உப்புச் சட்டம், 1889இல் சென்னை உப்புச் சட்டம். தன்னால் விளைந்து கிடக்கிற உப்பைச் சுரண்டி எடுத்தால்கூடக் குற்றம். ஆந்திரக் கரையிலிருந்து வருகிற பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் முடிகிறது. தோணியில் போகிற சரக்குக்கெல்லாம் சுங்கச்சாவடியில் கணக்கு எழுதப்பட்டது. 1923இல் உப்பு வரியை மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இரட்டித்தபோது சட்டசபையில் பெரும் சண்டை நடந்தது. 1930இல் தண்டியும் வேதாரண்யமும் நடந்தன. அந்தப் போராட்டத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது உப்பு வாங்கித் தின்கிறவனின் வரியைப் பற்றிய போராட்டம். உப்பு வாருகிறவளின் கூலி அங்கே கோரிக்கையாக எழவில்லை. 1947இல் உப்பு வரி எடுக்கப்பட்டது. கூலி பாத்தியிலேயே கிடந்தது.

3

இப்போது ஆள் கணக்குக்கு வருவோம்.

இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871–72இல் தொடங்கியது. நாடு முழுக்க ஒரே சமயத்தில் எடுத்தது 1881இல். 1901இலிருந்து ஜனங்களை 'உழைப்பவர்', 'சார்ந்திருப்பவர்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். 1931இல் 'சம்பாதிப்பவர்', 'வேலை செய்யும் சார்ந்திருப்பவர்', 'வேலை செய்யாத சார்ந்திருப்பவர்' என்று மூன்றாக்கினார்கள். நடுவில் இருக்கிற வார்த்தையைக் கவனியுங்கள். வேலை செய்கிறாள், ஆனாலும் சார்ந்திருக்கிறாள்! புருசன் பேரில் கூலி வாங்கும்போது கூடவே நின்று உப்பு வாருகிற பெண் இந்தப் பெட்டிக்குள்தான் போவாள். 1951இலும் இதே ஜாடைதான். தன் கையில் காசு வாங்குகிறவர்தான் முழு ஆள்.

1961இல் கணக்கெடுப்புக்காரர்கள் கேள்வியை மாற்றினார்கள். காசைக் கேட்காமல் உழைப்பைக் கேட்டார்கள். பருவகால வேலையாக இருந்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்திருந்தாலே தொழிலாளி என்று எழுதினார்கள். உப்பளத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான விளக்கம் இது. அந்தக் கணக்கில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 5 கோடியே 94 லட்சம் பெண்கள் தொழிலாளிகளாக வந்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1971இல் மறுபடியும் கேள்வியை மாற்றினார்கள். 'உங்கள் முதன்மையான காரியம் என்ன?' என்று கேட்டார்கள். நம் வீடுகளில் ஒரு பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்? 'எனக்கு என்னா வேல, சோறாக்குறேன், புள்ளைங்களப் பாத்துக்கிறேன்' என்பாள். காலை நாலு மணிக்குப் பாத்தியில் இறங்கி வெயில் ஏறுவதற்குள் வாரிவிட்டு வந்தவளும் இதைத்தான் சொல்வாள். பக்கத்தில் நிற்கிற ஆம்பள, 'அது சும்மா வூட்டுலதாங்க இருக்குது' என்று முடித்துவிடுவான். எழுதுகிறவர் 'குடும்பப் பெண்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

விளைவு என்ன? 1971இல் பெண் தொழிலாளர் எண்ணிக்கை 3 கோடியே சொச்சமாகச் சுருங்கியது. பத்தே வருஷத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் தொழிலாளி என்கிற பெயரை இழந்தார்கள். அவர்கள் செத்துப் போகவில்லை. வேலையை விட்டு அத்தனை பேரும் நிற்கவும் இல்லை. பெரும்பகுதி, கேள்வி மாறியதால் காணாமல் போனவர்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து 'பெண்கள் வேலைக்குப் போவது குறைந்துவிட்டது' என்று ஒருவர் கட்டுரை எழுதினால் அவர் கூட்டல் கழித்தலில் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் அவர் சொல்வது பொய். புள்ளிவிவரத்தைப் படிக்கிறவர்கள் கற்க வேண்டிய முதல் பாடம் இது. இரண்டு வருஷத்து எண்ணை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு வருஷத்துக் கேள்வியை ஒப்பிட வேண்டும்.

4

1981இல் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். முந்தின வருஷத்தில் பெரும்பகுதி, அதாவது 183 நாளோ அதற்கு மேலோ வேலை செய்தவர் 'முதன்மைத் தொழிலாளி'. அதற்குக் குறைந்தால் 'குறுந்தொழிலாளி', விளிம்பு ஆள். 1991இல் சொந்தப் பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்கிற வேலையையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார்கள். 2011இல் குறுந்தொழிலாளரையும் மூன்று மாதத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குக் கீழ் என்று பிரித்தார்கள்.

183. இந்த எண்ணை உப்பளத்தில் வைத்துப் பார்ப்போம். மார்கழி, தையில் மழைத் தண்ணீரை வடித்து, வரப்பு கட்டி, பாத்தியை மிதித்துத் தளம் போடுகிற வேலை தொடங்கும். அப்புறம் வாரல். புரட்டாசி வரை ஓடும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எல்லாம் தண்ணீர். எட்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் வந்துவிட்டது, எனவே முதன்மைத் தொழிலாளி. ஆனால் எட்டு மாதமும் தினமும் வேலை கிடைக்குமா? வாரத்தில் ஐந்து நாள் கிடைத்தால் கூட்டிப் பார்த்தால் 170, 175 நாள்தான் வரும். நடுவில் ஒரு கோடை மழை வந்து விளைந்ததைக் கரைத்துவிட்டால் இன்னும் ஒரு வாரம் போச்சு. இப்போது அவள் 183க்குக் கீழே. எனவே விளிம்பு ஆள்.

ஆக, கணக்கெடுப்பவர் 'எத்தனை மாசம் போனீங்க?' என்று கேட்டால் ஒரு பதில், 'எத்தனை நாள் போனீங்க?' என்று கேட்டால் இன்னொரு பதில். ஒரே உடம்பு, ஒரே உழைப்பு. வார்த்தை ஒன்று மாறினால் அவள் மையத்திலிருந்து விளிம்புக்குத் தள்ளப்படுகிறாள்.

இன்னொரு சேதி. உப்பளத்துக்குப் போகிறவர்கள் உப்பளத்துக்கு மட்டும் போவதில்லை. மழைக்காலத்தில் நடவு, களை. சவுக்குத் தோப்பில் வெட்டு. கழுவெளியில் இறால் பிடிப்பு. நூறு நாள் திட்டம் வந்தபிறகு ஏரி வேலை. புதுச்சேரிக்கோ சென்னைக்கோ சித்தாள் வேலை. உப்பை மட்டும் கேட்டால் 170 நாள். எல்லாவற்றையும் சேர்த்தால் 183ஐ எப்போதோ தாண்டிவிட்டவள் அவள். வருஷம் முழுக்க ஓடுகிறவளை, எந்த ஒரு வேலையிலும் ஆறு மாதம் நிற்கவில்லை என்பதற்காக அரைத் தொழிலாளி என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? மாசச் சம்பளக்காரனின் வருஷத்தை வைத்து அளந்த கோல் இது.

5

சரி, தொழிலாளி என்று எழுதிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் தொழிலின் கீழ்? 2001, 2011 கணக்கெடுப்புகளின் பெரிய பட்டியலில் நான்கே பெட்டிகள்: விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், 'மற்றவை'. உப்பளத்தார் 'மற்றவை'. வாத்தியாரும் அதில்தான், வங்கி அதிகாரியும் அதில்தான். ஒரு கிராமத்தில் 'மற்றவை' கூடியிருப்பதைப் பார்த்து, விவசாயத்தைவிட்டு மேலே வந்துவிட்டார்கள் என்று ஒருவர் முடிவு கட்டக்கூடும். போய்ப் பார்த்தால் உப்புக் கூடை.

தேசியத் தொழில் வகைப்பாடு என்று ஒன்று இருக்கிறது. 2008இல் வந்த பட்டியலில் கடல்நீரைக் காயவைத்து உப்பெடுப்பதற்கு எண் 0893. அது சுரங்கமும் குவாரியும் இருக்கிற பிரிவுக்குள் வருகிறது. அதாவது புள்ளிவிவரத்தில் நம் பெண்கள் சுரங்கத் தொழிலாளிகள்! சட்டத்தில் வேறு கதை. பம்பாய் உப்பளம் ஒன்றைப் பற்றிய ஆர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம், கூரையோ சுவரோ இல்லாவிட்டாலும் உப்பளம் தொழிற்சாலைதான், கடல்நீரை உப்பாக்குவது உற்பத்திதான் என்று தீர்ப்புச் சொன்னது. 1948 தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. மின்சாரத்தோடு நடந்தால் 10 பேர், மின்சாரமில்லாமல் நடந்தால் 20 பேர் இருக்க வேண்டும். குத்தகையைத் துண்டு துண்டாக்கி, ஆளைக் கங்காணி பேரில் காட்டிவிட்டால் எந்தப் பாத்தியிலும் 20 பேர் இருக்க மாட்டார்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் ஏறாத இடம், அந்தப் பதிவேட்டை வைத்து எடுக்கிற ஆண்டுத் தொழில் ஆய்விலும் ஏறாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாகத் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. இப்போது வாசல் மின்சாரத்தோடு 20, இல்லாமல் 40. ஆள் குறையவில்லை, வாசல்தான் உயர்ந்திருக்கிறது. நாளைக்கு 'தொழிற்சாலைத் தொழிலாளர் குறைந்துவிட்டனர்' என்று ஓர் அட்டவணை வந்தால் 1971ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

6

தலித்துகள் எண்ணைக் கையில் எடுத்தது இன்று நேற்றல்ல.

மரக்காணத்துக்கு வடக்கே அடுத்த மாவட்டம் செங்கல்பட்டு. அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். நிலம், குடியிருக்கும் மனை, படிப்பு, அடிமைநிலை எல்லாவற்றையும் விவரங்களோடு வைத்தார். 1892 செப்டம்பர் 30இல் பிறந்த 1010ஆம் எண் அரசாணைக்கும், பஞ்சமி நிலத்துக்கும் பின்னால் அந்த விவரங்கள் இருக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதர் 1911 கணக்கெடுப்பை ஒட்டித் தமிழன் இதழில் விடாமல் எழுதினார். சாதிபேதமற்ற திராவிடர் என்று, பௌத்தர் என்று பதியுங்கள் என்றார். கணக்கெடுப்புத் தாளில் எழுதுகிற ஒரு வார்த்தை பிற்காலத்தில் என்னவாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அரசியல் சட்டத்தை எழுதியவர் என்று சிலை வைக்கிறவர்கள் இந்த நாலு வருஷத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். தொழிலாளி என்ன கூலி வாங்குகிறான், என்ன வீட்டில் இருக்கிறான் என்று விசாரிக்காமல் அவனுக்குப் பாதுகாப்புத் திட்டம் போட முடியாது என்கிற நிலைப்பாட்டில் 1944இல் ரேகே தலைமையில் தொழிலாளர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தொழில் வாரியாகப் போய் விசாரித்தார்கள். 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அம்பேத்கர் கொண்டுவந்தார். அது 1948இல் சட்டமானது. தமிழ்நாட்டில் உப்பளமும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. அவர் பதவியைவிட்டு வந்த சில மாதங்களில், 1946 அக்டோபரில், லேபர் பீரோ தொடங்கப்பட்டது. தொழிலாளர் புள்ளிவிவரம் என்பது முதலாளிக்குச் சந்தை நிலவரம் சொல்கிற சங்கதியாகப் பிறகு ஆனது. அவர் கையில் அது தொழிலாளியின் உரிமைக்கு அஸ்திவாரம்.

7

இன்றைக்கு வேலையின்மை பற்றி வருகிற எண்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு. 1972–73 முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவந்த மாதிரி ஆய்வுக்குப் பதிலாக வந்தது. இதில் ஒரே ஆளை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று, கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார், அதோடு 30 நாளுக்குக் குறையாமல் வேறு வேலை செய்தாரா என்பது. இன்னொன்று, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்பது. முதல் அளவில் உப்பளத்துப் பெண் தப்பிப்பாள், 30 நாள் போதும். இரண்டாவது அளவில் பங்குனியில் கேட்டால் வேலையில் இருப்பாள், ஐப்பசியில் கேட்டால் இருக்க மாட்டாள். எந்த எண்ணை நீட்டினாலும், 'இது எந்த அளவு?' என்று கேட்க வேண்டும்.

அடுத்தது வேலையின்மை சதவீதம். இதை மொத்த ஜனத்தில் கணக்கிடுவதில்லை. வேலையில் இருப்பவர்களையும், வேலை தேடுபவர்களையும், கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களையும் கூட்டி, அதில் வேலை இல்லாதவர் எத்தனை பேர் என்று பார்க்கிறார்கள். கணக்குக்காக ஒரு தெருவை நினைத்துக்கொள்வோம். 100 பேர். 60 பேருக்கு வேலை. 10 பேர் வேலையில்லாமல், கிடைத்தால் போகத் தயார். மீதி 30 பேர் கிழவர்கள், படிக்கிறவர்கள், மற்றவர்கள். வேலையின்மை 70க்கு 10, அதாவது 14.3 சதவீதம். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பெண்கள் 'மழைக்காலம், வூட்டுலதான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டால்? 62க்கு 2. வேலையின்மை 3.2 சதவீதம்! ஒருவருக்கும் ஒரு வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் தாளில் வேலையின்மை ஒழிந்துவிட்டது.

அவர்கள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'வேல இல்ல, இருந்தா போவேன்.' இந்த வாக்கியம் சொல்லப்பட்டால் அவள் வேலையற்றவள். சொல்லப்படாவிட்டால் உழைப்புச் சந்தைக்கு வெளியே நிற்கிற குடும்பப் பெண்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பில் பங்கேற்பவர் 2017–18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023–24இல் 41.7 சதவீதமாக உயர்ந்ததாக இந்த ஆய்வு சொல்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வேலையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர்கள். எண் உயர்ந்ததா, கூலி உயர்ந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் கைதட்டக் கூடாது.

இந்த ஆய்வு மரக்காணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 வரை நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளில் எடுத்துவந்த மாதிரி அது. மாநிலத்தைப் பற்றிப் பேசலாம். ஒரு வட்டத்தைப் பற்றிப் பேச அதில் ஆள் பற்றாது. சாதியிலும் பட்டியல் சாதி என்ற ஒரே பெட்டிதான். தனித்தனிச் சாதி வாரியாக, முதன்மை–குறு என்று பார்க்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பட்டியல் சாதி அட்டவணைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் ஒரு கண்ணி. தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆதி திராவிடர் தனி, பறையர் தனி. ஒரே தெருவில் அண்ணன் ஒன்றிலும் தம்பி இன்னொன்றிலும் இருப்பான். இரண்டையும் கூட்டாமல் எழுதினால் பாதி ஜனத்தை விட்டுவிடுவோம். 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவத் தலித்துகள் இதில் வரவே மாட்டார்கள். வேதக்கோயில் தெருக்காரர் உப்பு வாரினாலும் பட்டியல் சாதி உப்பளத் தொழிலாளி எண்ணிக்கையில் ஏற மாட்டார்.

8

2013 ஏப்ரல் 25இல் மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தபோது எத்தனை வீடு என்று எண்ண எல்லோரும் வந்தார்கள். நாம் எரிந்தால்தான் எண்ணுவார்கள் என்றால் மீதி நாளில் நம்மை நாம்தான் எண்ண வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வேலையில்லாக் காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு 2022இல் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு 5,000. அது போதுமா என்பது ஒரு சண்டை. அதை வாங்குவதற்குப் பெயர் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு சண்டை. அந்தப் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர், சேரித் தெருக்களிலிருந்து எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். பதில் வந்தால் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மிடம் ஓர் எண் வேண்டுமே?

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு வருஷம். ஆளுக்கு ஒரு பக்கம். மாதத்துக்கு ஒரு வரி: உப்பளத்துக்குப் போன நாள், வேறு வேலைக்குப் போன நாள், இருந்தால் போயிருப்பேன் என்று உட்கார்ந்திருந்த நாள், வாங்கிய கூலி, வாங்கிய அட்வான்ஸ். பெண்ணைப் பற்றிப் பெண்ணிடமே கேட்க வேண்டும். முதலில் அரசாங்கம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டு எழுதுங்கள். பிறகு நம் கேள்வியைக் கேட்டு எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் விழுகிற வித்தியாசம்தான் அவர்கள் மறைத்த உழைப்பு. அதிகாரி முன்னால் வைத்தால் 'உங்க கேள்வி வேற, எங்க கேள்வி வேற' என்று அவரால் தட்டிக்கழிக்க முடியாது.

2021இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எடுக்கப்படவில்லை. இப்போது 2027 மார்ச் 1ஐக் குறிநாளாக வைத்து அறிவித்திருக்கிறார்கள். 1931க்குப் பிறகு முதல் தடவையாக எல்லோருடைய சாதியையும் கேட்கப் போகிறார்கள். சாதிக்கு என்ன எழுதுவது என்று சங்கங்கள் எல்லாம் கூட்டம் போட்டுப் பேசுகின்றன. பேசட்டும். அதே தாளில் வேலையைப் பற்றிய கேள்வியும் இருக்கும். அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. எந்தச் சாதி எந்த வேலையில், எத்தனை மாதம் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வாய்ப்பு இன்னொரு பத்து வருஷத்துக்குக் கிடைக்காது.

ஆட்கணக்கு எடுக்க வருகிற மாதம் பாத்தியில் வேலை தொடங்கியிருக்கிற மாதம். பகலில் வந்தால் வீட்டில் ஆள் இருக்காது. எனவே இப்போதிருந்தே தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். வருஷத்தில் செய்த எல்லா வேலையையும் கூட்டிச் சொல்லுங்கள். உப்பளம் என்று பேர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'சும்மா இருக்கேன்' என்ற வார்த்தை இனி நம் பெண்கள் வாயிலிருந்தும் வரக்கூடாது, நம் ஆண்கள் வாயிலிருந்தும் வரக்கூடாது.